காதில் விழாத ‘க்கு’

அவுஸ்திரேலியாவில், அதுவும் பெப்ரவரி மாதத்து வெயிலில், பனி அள்ளி எறியும் இயந்திரம் ஒன்றை ஒரு மனிதருக்கு விற்றவள் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அவர் வீட்டில் அள்ளுவதற்குப் பனி இல்லை. அப்படி ஒரு இயந்திரத்தை அவர் கேட்கவும் இல்லை. அவர் கேட்டது வேறு, என் காதில் விழுந்தது வேறு. இரண்டுக்கும் நடுவில் நின்றது ஒரு ‘க்கு’.

அந்தக் காலத்து என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டண்டினொங்கில் கோழி இறைச்சி பொதி செய்யும் ஆலை ஒன்றில் மூன்று வருடம் நின்றபடியே வேலை செய்தவள் நான். எங்கள் வீட்டு அகராதியில் வேலைகள் இரண்டு வகை: நின்று செய்வது, கதிரையில் இருந்து செய்வது. என் கணவர் ஜெயன் ஒரு களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். (அவரும் இருந்துதான் வேலை செய்கிறார். ஆனால் ஃபோர்க்லிஃப்ட்டின் இருக்கையைக் கதிரை என்று நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.) அப்படியிருக்க, புல்வெட்டும் இயந்திரங்களும் தோட்ட ட்ராக்டர்களும் விற்கிற ஒரு கடையில், உதிரிப்பாகங்கள் எடுத்துக் கொடுக்கிற பிரிவில், எனக்கு வேலை கிடைத்தது. கதிரையோடு. சில்லுகள் வைத்த, சுழலும் கதிரை. முதல் நாளே அதைப் படம் பிடித்து உறவுகள் எல்லோருக்கும் அனுப்பினேன். ரொறன்ரோவில் இருக்கிற என் அக்கா, கதிரை மட்டும்தான் தெரிகிறது, வேலை எங்கே என்று பதில் போட்டாள்.

ஆறு மாதம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி கிரேக் சொல்லியிருந்தார். அவர் அதிகம் பேசாதவர். சந்தோசம், கோபம், பசி மூன்றுக்கும் அவரிடம் ஒரே சொல்தான்: “ரைட்.” எந்த ரைட் எந்த ரைட் என்று கண்டுபிடிப்பதிலேயே என் முதல் இரண்டு மாதங்கள் போய்விட்டன. அந்தக் கதிரையை விட்டு மறுபடி கோழிக்கு முன்னால் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. எப்படியாவது ஒரு பெரிய ஓடரைப் பிடித்து கிரேக்கை அசத்திவிட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தோனி அங்கிளின் அழைப்பு வந்தது. நான் ஆங்கிலத்தில் கடையின் பெயரையும் என் பெயரையும் சொன்னேன். மறுபக்கம் உடனே தமிழுக்கு மாறியது. சுகந்தி என்றால் எங்கட பிள்ளைதானே என்றார். மன்னாரிலிருந்து வந்து முப்பது வருடமாம். ஓய்வு பெற்ற பிறகு மசிடன் மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர் காணி வாங்கி, மனைவியோடு (எனக்கு அன்ரி) அங்கேயே இருக்கிறாராம். கடையில் தமிழ் கேட்ட சந்தோசத்தில் காணியின் எல்லைகள், கிணறு, அன்ரியின் முழங்கால் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் விசயத்துக்கு வந்தார். அதே நேரம் பார்த்து, பின்னால் வேலைத்தளத்தில் ஒருவர் மரம் அரியும் இயந்திர வாள் ஒன்றைச் சோதிப்பதற்காகக் கயிற்றை இழுத்து இயக்கினார்.

நான் கேட்டது இது: “பனி... கொட்டித் தள்ளும் பிள்ளை. வாசல் தெரியாது. என்னட்டை சின்ன ட்ரக்டர் ஒண்டு நிக்குது. அதில பூட்டி ஒதுக்குற சாமான் ஏதும் இருக்கோ?”

வாளின் சத்தத்தில் நடுவில் ஏதோ ஒரு துண்டு காணாமல் போனது எனக்குத் தெரியும். திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் எனக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடுவார் என்ற பயம். “ஓம் அங்கிள், நான் பாக்கிறன்” என்று சொல்லிவிட்டுக் கதிரையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன்.

கிரேக்கிடம் போய், மசிடனில் ஒருவருக்குத் தோட்ட ட்ராக்டரில் பூட்டும் பனி அள்ளும் இயந்திரம் வேண்டும் என்றேன். அவர் வெளியே பார்த்தார். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. தன் வாழ்நாளில் அப்படி ஒன்றை விற்றதில்லை என்றும், மசிடனில் எப்போதாவது கொஞ்சம் விழும், விழுந்தால் மத்தியானத்துக்குள் போய்விடும் என்றும் சொன்னார். அவரிடம் நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். அந்த மனிதர் உண்மையாகவே பனி என்றுதான் சொன்னாரா என்று கேட்டார். சொன்னார், அதுவும் எங்கள் மொழியில் சொன்னார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். நம்பிக்கை வரட்டும் என்று கைபேசியில் அகராதியைத் திறந்து காட்டினேன். பனி என்ற சொல்லுக்கு அதில் ஐந்து பொருள் போட்டிருந்தது. முதலில் புல்லில் படியும் ஈரம், பிறகு மூடுபனி, பிறகு குளிர், பிறகு உறைபனி, கடைசியில்தான் ஸ்னோ. மேலே இருந்த நான்கின் மீதும் என் பெருவிரல் இருந்தது. (வேண்டுமென்று மறைக்கவில்லை. பெருவிரலுக்கு அந்த இடம்தான் வசதியாக இருந்தது.)

அடுத்த நாள் கிரேக் இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை நிமிர்ந்தேன். “ரைட்” என்றார்.

அதன் பிறகு நான் படித்த படிப்பை உயர்தரப் பரீட்சைக்குப் படித்திருந்தால் பொறியியலாளராகியிருப்பேன். வீட்டில் சோறு அடிப்பிடிக்க, கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும் தங்கள் வாசலில் பனி தள்ளுகிற வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஒற்றைக் கட்ட இயந்திரம் திருகுபோன்ற சுழல்தண்டால் பனியை வாரி நேரே எறிகிறது. இரட்டைக் கட்டத்தில் பின்னால் ஒரு விசிறியும் உண்டு; அது வாங்கித் தூரமாக வீசுகிறது. வாயின் அகலம் ட்ராக்டரின் சில்லுகளுக்கு வெளியேயும் நீள வேண்டும், இல்லாவிட்டால் அள்ளாத பனியின் மேலேயே ஏறி ஓட்ட வேண்டிவரும். முன்னுக்குப் பாரம் பூட்டினால் பின்னுக்குச் சில்லுகள் பிடிக்காது, அதற்கு மேலதிகப் பாரமும் சங்கிலியும் வேண்டும். சாப்பாட்டு மேசையில் ஜெயனுக்கு இதையெல்லாம் விளக்கினேன். அவர் மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஸ்னோவை எங்கட சனம் ஸ்னோ எண்டுதானே சொல்லும். கனடாவில ஆரும் பனி கொட்டுது எண்டு சொல்லி நீ கேட்டிருக்கிறியோ?”

அந்தோனி அங்கிள் நல்ல தமிழ் கதைக்கிறவர் என்று அவர் வாயை அடைத்தேன். பிறகு ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து, எங்களிடமும் ஸ்னோ இருக்கிறது, என்ன இயந்திரம் நல்லது என்று அக்காவிடம் கேட்டேன். இருபது வருடமாக எங்கள் குளிரைக் குளிர் என்றே மதிக்காதவள் அவள். அன்று முதல் தடவையாக மரியாதையோடு பேசினாள். அந்த மரியாதையின் ருசியில் எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

இவ்வளவு கவனமாக இருந்தவள் வாடிக்கையாளரிடம் எதுவும் விசாரிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். விசாரித்தேன். கேள்விகளைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு விசாரித்தேன்.

“எவ்வளவு உயரத்துக்கு அங்கிள் கொட்டும்?”

“சில இடத்தில முழங்கால் மட்டும் வரும் பிள்ளை.”

“ஈரமோ, காய்ஞ்சதோ?”

“மேல காய்ஞ்சிருக்கும், கீழ ஈரம். ஈரம் சரியான பாரம். சறுக்கும். போன வருசம் அன்ரி அதில சறுக்கி விழுந்துதான் முழங்கால் போனது.”

“அள்ளாமல் விட்டால் என்ன நடக்கும்?”

“என்ன நடக்கும், அதிலயே கிடந்து உக்கும்.”

இந்த இடத்தில் கடவுள் எனக்கு ஒரு கை கொடுத்தார். நான் அதைத் தட்டிவிட்டேன். உக்குவது என்றால் மக்கி மண்ணாகிப் போவது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பனி உக்காது, உருகும். ஆனால் நான் வடமராட்சிக்காரி. எங்களுக்கு எங்கள் தமிழில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மன்னார்ப் பக்கம் உருகுவதைத்தான் உக்குவது என்று சொல்வார்கள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, கொப்பியில் ‘உருகும்’ என்று திருத்தி எழுதினேன்.

கடல் கடந்து வர வேண்டிய சாமான். திருப்பி எடுக்க மாட்டோம் என்று அனுப்புகிறவர்கள் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கிரேக் ஒரு நிமிடம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். கையெழுத்துப் போட்டார். இரட்டைக் கட்டம், அகன்ற வாய், சங்கிலி, பின்பாரம், எல்லாவற்றோடும்.

இங்கே குளிர் தொடங்குகிற மே மாதக் கடைசியில் அது வந்து சேர்ந்தது. என் ஆறு மாதம் முடிய இன்னும் ஒரு கிழமை. மரப்பெட்டியை உடைத்தபோது உள்ளே சிவப்பு நிறத்தில், அகலமாக வாயைத் திறந்தபடி, வாய்க்குள் முறுக்கிய இரும்புப் பற்களோடு அது இருந்தது. தலைக்கு மேல் யானைத் தும்பிக்கைபோல ஒரு குழாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் வந்து பூட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லி கிரேக்கோடு புறப்பட்டேன். போகும்போது கார் ஹீட்டரைப் போடவா என்று அவர் கேட்டார். ஸ்னோவுக்கென்று டண்டினொங் சந்தையில் வாங்கிய கம்பளித் தொப்பி, கையுறை, முழங்கால் வரை சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு நான் ஏற்கெனவே வேர்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிளின் கேற்றுக்குள் திரும்பியதும் கிரேக் வாகனத்தை நிறுத்தினார். வாசலுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் ஓக் மரங்கள், யாரோ வெள்ளைக்காரர் முன்னொரு காலத்தில் நட்டவை. பாதை முழுவதும், புல் முழுவதும், வீட்டுப் படி வரைக்கும், முழங்கால் அளவுக்கு இலை. மஞ்சளும் பழுப்புமாக, பார்க்கக் கொள்ளை அழகு. வானம் பளீரென்று நீலம். வெள்ளையாக இருந்தது அங்கிளின் தலைமயிர் ஒன்றுதான்.

அவர் இலைகளுக்குள் கால் புதையப் புதைய வந்து, ட்ரெய்லரில் இருந்த சிவப்பு வாயைச் சுற்றிப் பார்த்தார். இது என்ன, கரும்பு பிழியிற மெசினோ என்று கேட்டார்.

“பனி எங்க அங்கிள்?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“பனியோ? காலமை புல்லில கிடந்தது. வெயில் வரப் போயிட்டுது.”

“அப்ப... கொட்டும் எண்டு சொன்னது?”

“இதுதான் பிள்ளை.” கையை விரித்து மரங்களைக் காட்டினார். “பனிக்குக் கொட்டும் எண்டு சொன்னனான்தானே. மரத்தில இருந்து இலையைத் தவிர வேற என்ன கொட்டும்?”

பனிக்கு. குளிருக்கு. அந்த ‘க்கு’ மூன்று மாதம் கழித்து, மசிடன் மலையடியில் வைத்து, முழு உருவத்தோடு என் காதில் வந்து விழுந்தது.

என்ன சொல்கிறார் என்று கிரேக் கேட்டார். அந்த நேரத்தில் ஒரு நேர்மையான பெண் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது வேறு. “பனி உருகிவிட்டதாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அங்கிள் முப்பது வருடம் இந்த நாட்டில் ரயில்வேயில் வேலை செய்தவர் என்பதை, அவருக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் வரும் என்பதை, அந்தக் கணத்தில் நான் மறந்துபோனேன். அவர் கிரேக்கைப் பார்த்து, அச்சு அசல் அவுஸ்திரேலியத் தொனியில், பனியா, என்ன பனி, நான் கேட்டது இலைக்கு என்றார். கிரேக் என்னைப் பார்த்தார். “ரைட்” என்றார். அது நான் அதுவரை கேட்டிராத ஒரு ரைட்.

படியில் ஊன்றுகோலோடு நின்ற அன்ரி நிலைமையை இன்னும் கொஞ்சம் மோசமாக்கினார். மெசின் வருது, ஒரு இலையும் கூட்டாதை என்று இந்த மனிசன் ஒரு மாதமாக விளக்குமாற்றை ஒளித்து வைத்திருக்கிறார், கோயிலுக்குப் போகவும் படியிறங்கப் பயமாக இருக்கிறது என்றார். அதைக் கேட்க எனக்கு உண்மையாகவே நெஞ்சு நொந்தது. கதிரை மட்டுமல்ல, ஒரு மனுசியின் முழங்காலும் என் கொப்பியை நம்பி இருந்திருக்கிறது.

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். பதிலாக, இந்த இயந்திரம் இலையையும் அள்ளும், பாருங்கள் என்று சொன்னேன். கிரேக் வேண்டாம் என்று தலையசைத்தார். அங்கிளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. கிரேக் மறுபேச்சில்லாமல் ட்ராக்டரில் பூட்டிக் கொடுத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். (அந்த நிலையிலும், இது நல்ல இருக்கை என்று தோன்றியது.)

முதல் நான்கு அடி அற்புதம். காய்ந்த இலைகள் பொன்மழையாகப் பறந்து வேலிக்கு அப்பால் விழுந்தன. அங்கிள் கைதட்டினார். பிறகு கீழே இருந்த, போன வருடத்து, உக்கிப்போன ஈர இலைகள் வாய்க்குள் போயின. இயந்திரம் இருமியது. குழாய் அடைத்தது. வீடியோவில் பார்த்தபடி, முதலில் நிறுத்திவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். நானோ பதற்றத்தில் குழாயைத் திருப்பும் பிடியைப் பிடித்துச் சுற்றினேன். குழாய் வேலிப் பக்கமிருந்து மெல்லத் திரும்பி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்த கிரேக்கின் நேரே வந்து நின்றது. அப்போதுதான் அடைப்பு எடுபட்டது.

கறுப்பாக, குழைந்த சேறாக, ஒரு கடகப் பெட்டி அளவு உக்கல் அவர் மேல் அப்பியது. இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை சிமிட்டின. தொப்பியிலிருந்து ஒரு மண்புழு இறங்கி அவருடைய சட்டைப் பைக்குள் போனது.

 பிறகு அன்ரி சிரிக்கத் தொடங்கினார். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் நீர் வழிய, நிறுத்தவே முடியாமல் சிரித்தார். அங்கிள் சிரித்தார். நான் மட்டும் ட்ராக்டரின் மேல் இருந்து, கம்பளித் தொப்பியோடு, அழுதுகொண்டிருந்தேன்.

கிரேக் தோட்டத்துக் குழாயில் முகம் கழுவினார். அன்ரி அவரை விடவில்லை. குசினிக்குள் இருத்தி நண்டுக் கறியும் சோறும் போட்டார். அங்கிளின் சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். என்னால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை.

 திரும்பி வரும்போது பாதி வழியில் கிரேக், சரியாக எங்கே பிழை நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வாளின் சத்தத்தைச் சொன்னேன், பெருவிரலைச் சொன்னேன், உக்கும் என்பதை உருகும் என்று திருத்தியதையும் சொன்னேன். பனி, பனிக்கு என்று இரண்டையும் சொல்லிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தக் கடைசித் துண்டை அவரும் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது “கூ” என்றுதான் வந்தது. இவ்வளவுதானா வித்தியாசம் என்றார். இவ்வளவுதான் என்றேன்.

உன்னிடம் இரண்டு தடவை கேட்டேன், அந்த மனிதருக்கு ஒரு தடவை நான் போன் பண்ணியிருக்கலாம், நம்பர் ஓடர் தாளிலேயே இருந்தது என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கு இன்னும் அழுகை வந்தது. கடைக்கு வந்ததும் என் தேநீர்க் கோப்பையையும் கதிரைக் குஷனையும் பைக்குள் வைத்தேன். கிரேக் பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வந்து, இன்னும் மூன்று மாதம் பார்க்கிறேன், குஷனை எடுத்து வை என்றார். இந்த நாட்டில் அந்த இயந்திரத்தைப் பற்றி உன்னளவு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, உன்னை அனுப்பினால் நான் அதை எப்படி விற்பது என்றும் கேட்டார்.

அங்கிளுக்கு வேண்டியிருந்தது ட்ராக்டருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற, இலை கூட்டி அள்ளும் ஒரு சாதாரண வண்டில். அது எங்கள் கடையிலேயே இருந்தது. என் கதிரைக்குப் பின்னால், சுவரில் சாய்த்தபடி, நான் சேர்ந்த நாளிலிருந்து. கதிரையை அத்தனை சுற்றுச் சுற்றியும் அது என் கண்ணில் படவில்லை. மறுநாளே அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, படியிலிருந்து கேற் வரை என் கையாலேயே கூட்டிக் கொடுத்து, காதில் விழாத ‘க்கு’வையும், உக்கும் என்பது என் கொப்பியில் உருகும் ஆன கதையையும் அவர்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து என்னை நிரந்தரமாக்கினார்கள். அங்கிளிடமிருந்து திருப்பி எடுத்த சிவப்பு இயந்திரத்தை அதன் பிறகு யாரும் வாங்கவில்லை. அது கடை வாசலில் நிற்கிறது. அதற்குக் கிரேக் வைத்த பெயர் ‘கூ’. நாங்கள் ஓடர் எழுதும் தாளின் அடியில் ஒரு சின்னப் பெட்டி அச்சிட்டிருக்கிறது, பக்கத்தில் ‘கூ?’ என்று. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் அதில் சரி போட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ கணினிச் சொல் என்று நினைக்கிறார்கள். வீட்டிலும் நிம்மதி இல்லை. கடைக்குப் போய்ப் பிழையான சாமானோடு நான் திரும்பினால், தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற என் மகள், தமிழில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வாள்: ‘க்கு?’ அதைக் கிரேக்கைவிடத் திருத்தமாகச் சொல்கிறாள்.

போன வருடம் ஓகஸ்டில், நடுக் குளிரில், ஒரு காலை அந்தோனி அங்கிள் போன் எடுத்தார்.

“பிள்ளை, பனி கொட்டுது.”

“பனிக்கோ, அங்கிள்?”

“இல்லைப் பிள்ளை. ‘க்கு’ இல்லாமல் கொட்டுது. வெளியில வெள்ளை வெளேரெண்டு கிடக்கு.”

நான் கதிரையை விட்டு எழுந்தே விட்டேன். கிரேக்கிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.  அவர் தானே அங்கிளுக்குப் போன் பண்ணி, ஆங்கிலத்தில் உறுதிசெய்துகொண்டு, பெட்டியில் சரி போட்டார். “ரைட்” என்றார். கூவை ட்ரெய்லரில் ஏற்றினோம். சங்கிலி, பின்பாரம், என் கம்பளித் தொப்பி, ஒன்றையும் விடவில்லை. வழியில் எங்கும் நிற்கவில்லை.

ஓக் மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாதை கழுவிவிட்டதுபோலக் கறுப்பாகக் கிடந்தது. கேற்றடியில் அங்கிளும் அன்ரியும் எங்களுக்காகக் காத்து நின்றார்கள். நான் இறங்கி வாயைத் திறக்கும் முன்பே, முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டு அங்கிள் சொன்னார்:

“உக்கிப் போட்டுது, பிள்ளை.”